வைபை கிடைக்காத மடிக்கணினி

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவியாயிற்று. பிள்ளை படிக்க உட்கார்ந்தால் வைபை இல்லை. கடைக்காரரோ, "அட்டை பழுது, புதிது போட வேண்டும்" என்கிறார். பணத்தை எடுக்குமுன் சற்றுப் பொறுங்கள்.

முதலில் அதே வைபை கைத்தொலைபேசியில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லையெனில் கணினியைக் குறைகூற வேண்டாம். அங்கு உண்டெனில், கணினியில் முனையத்தைத் திறந்து 'ஆர்எப்கில்' என்னும் கட்டளையைக் கொடுங்கள். அது இருவகைத் தடைகளைக் காட்டும். மென்தடையை அதே கட்டளையால் நீக்கிவிடலாம். வன்தடையெனில், கணினியின் ஓரத்திலுள்ள சிறிய ஆளியையோ விமானக் குறியுள்ள விசையையோ தேடுங்கள். சிறுவர் கைபட்டு அது அணைந்திருக்கவும் கூடும்!

தடை எதுவுமின்றியும் வைபை தோன்றவில்லையா? அட்டைக்குரிய நிலைபொருள் இல்லாதிருக்கலாம். கட்டற்றதல்லாத இத்தகைய கோப்புகளை டெபியன், 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பிலிருந்தே தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்த்தது. புரோட்கொம் அட்டைகள் இவ்விடயத்தில் பேர்போன பிடிவாதக்காரர். உங்களுடையது எவ்வகை என்பதை 'எல்எஸ்பிசிஐ' கட்டளை சொல்லும்.

இணையமின்றி அக்கோப்பை எப்படி இறக்குவது? கைத்தொலைபேசியை யூஎஸ்பி வடத்தால் கணினியுடன் பொருத்தி, தொலைபேசியில் 'டெதரிங்' வசதியை இயக்குங்கள். பெரும்பாலும் லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பைப் போலவே ஏற்றுக்கொள்ளும். உரிய பொதியை நிறுவிக் கணினியை மீள ஆரம்பியுங்கள்.

உள்ளே பொருத்திய அட்டையின் பெயரே எந்தப் பட்டியலிலும் வராவிட்டால், அப்போது கடைக்காரர் சொல்வதைக் கேட்கலாம்.