ஓதம் ஏறிய பழைய சுவருக்கு

ஐப்பசி அடைமழை ஓய்ந்து தை பிறந்த பிறகும் பழைய சுண்ணாம்புச் சுவரின் அடி காயவில்லையா? விரல் பட்டாலே காரை மாவாக உதிர்கிறதா? கொத்தனாரைக் கூப்பிடுமுன் இவற்றைக் கவனியுங்கள்.

1. தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். தரையிலிருந்து மூன்றடி வரை பட்டையாக ஈரம் நின்றால் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேலே திட்டுத் திட்டாக இருந்தால் ஓட்டையோ மாடித் தளத்தையோ பாருங்கள். கோடையிலும் ஒரே இடம் நனைந்திருந்தால் சுவருக்குள் குழாய் கசிகிறதா என்று பார்க்கவேண்டும்.

2. ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வேர்த்தால் ஈரம் சுவரில். வெளிப்பக்கம் வேர்த்தால் அறைக் காற்றில். காற்றில் என்றால் சன்னலைத் திறந்து வைத்து, பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

3. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, பல வீடுகள் பள்ளத்தில் கிடக்கின்றன. வெளிமண் உள்தரையைவிட உயரமாக இருந்தால் எதைப் பூசினாலும் நிற்காது. சுவரோர மண்ணை உள்தரைக்கு அரையடி கீழே வரை வெட்டி எடுத்து, தண்ணீர் விலகி ஓட வாட்டம் கொடுங்கள். அஸ்திவாரம் தெரியுமளவு தோண்ட வேண்டாம்.

4. வெள்ளையாகப் பூக்கும் உப்பைக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, தாளில் ஏந்தி வெளியே கொட்டுங்கள்.

5. விரல் முட்டியால் தட்டுங்கள். 'டொப்' என்று கேட்டால் காரை செங்கலை விட்டுவிட்டது. சாக்பீஸால் வட்டமிட்டு, ஈரக்கோட்டுக்கு மேல் ஓரடி சேர்த்துக் கொத்தி எடுங்கள். பக்கத்தில் ஸ்விட்ச் பெட்டி இருந்தால் மெயினை அணைத்த பிறகே உளி வைக்கவேண்டும்.

6. "சிமென்ட் போட்டா கல்லு மாதிரி நிக்கும் சார்" என்பார் கொத்தனார். ஓரிரு மழைக்காலம் நிற்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுக் காயும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் மேலே ஏற, இடுப்பளவில் உதிர்ந்த சுவர் அடுத்த முறை தோளளவில் உதிரும். ஆயில் பெயின்டும் சுவர் டைல்ஸும் இதே ரகம்தான். பழைய வீடுகளைக் கெடுத்ததில் மழையைவிட சிமென்டுக்கே பங்கு அதிகம் என்பது என் கட்சி.

7. நீற்றி ஒரு வாரமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு. உப்பு இருப்பதால் கடற்கரை மணல் ஆகாது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்துக் குழைக்கத் தெரிந்த பழைய கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்கு ஆபத்து, குழந்தைகளை அண்டவிடக் கூடாது.

8. சுவரை நனைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு முறை பூசி, ஒரு வாரம் தண்ணீர் தெளியுங்கள். மேலே வெள்ளை அடித்தால் போதும்.

9. பங்குனி, சித்திரைதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம். கொத்திய சுவரை ஒரு மாதமாவது திறந்தபடி காயவிடுங்கள். "நாளைக்கே பூசிடலாம்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.