அமெரிக்க ராணுவத்தில் அடிபட்ட தம்பிக்கு திருச்சியில் வைத்தியம்: பணம் தருவது யார்?

கேள்வி: அமெரிக்காவுக்குப் படிக்கப் போன என் தம்பி, அந்நாட்டு ராணுவத்தில் சேர்ந்து குடியுரிமையும் வாங்கினான். பணியில் முதுகுத்தண்டில் அடிபட்டதால் விலகிவிட்டான். 100 சதவீத நிரந்தர ஊனம் என்று சான்று கொடுத்திருக்கிறார்கள். மாதாமாதம் உதவித்தொகை வருகிறது. இப்போது மனைவியோடு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்கிறான். அவனுக்குச் சர்க்கரை நோயும் உண்டு. இங்கே ஆகும் மருத்துவச் செலவை அமெரிக்க அரசு கொடுக்குமா?
- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: முதுகுக்குக் கொடுக்கும். சர்க்கரைக்கு, அது ராணுவப் பணியோடு தொடர்புடையது என்று ஏற்கப்பட்டிருந்தாலோ முதுகுக் கோளாறை மோசமாக்கினாலோதான் கொடுக்கும். உதவித்தொகை இந்தியாவுக்கு வந்தாலும் தொடரும். அதில் கவலை வேண்டாம்.

வெளிநாட்டில் வசிக்கும் அல்லது பயணம் செய்யும் முன்னாள் வீரர்களுக்காக அந்நாட்டு முன்னாள் படைவீரர் நலத்துறை ‘ஃபாரின் மெடிக்கல் புரோகிராம்’ என்றொரு திட்டத்தை நடத்துகிறது. பணியால் வந்ததாக ஏற்கப்பட்ட ஊனத்துக்கும், அதை மோசமாக்கும் கோளாறுகளுக்கும் மட்டுமே அது பணம் தரும். உங்கள் தம்பி அமெரிக்காவில் இருக்கும்வரை, அத்துறையின் மருத்துவமனைகளில் எந்த நோய்க்கும் சிகிச்சை பெறலாம். நாட்டைவிட்டு வெளியேறினால் அந்த உரிமை முதுகோடு நின்றுவிடும். திருச்சியில் அவருக்கு மாரடைப்பு வந்தால் ஆஸ்பத்திரி பில் குடும்பத்தின் தலையில்தான்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. முழு நிரந்தர ஊனமுற்ற வீரரின் மனைவிக்கு, வேறு ராணுவக் காப்பீடு இல்லாவிட்டால், ‘சாம்ப்விஏ’ என்ற திட்டம் இருக்கிறது. அது வெளிநாட்டிலும் செல்லும். பொதுவான நோய்களுக்கும் அனுமதிக்கப்பட்ட கட்டணத்தில் சுமார் 75 சதவீதம் கிடைக்கும். ஆக, ஒரே வீட்டில் மனைவியின் காய்ச்சலுக்குப் பணம் வரும், அடிபட்ட வீரரின் காய்ச்சலுக்கு வராது!

அதிகாரிகள் மனது வைத்தால் மட்டும் இது மாறாது. கட்டுப்பாடு சட்டத்திலேயே இருப்பதால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் திருத்த வேண்டும். முழு ஊனமுற்றவர்களுக்காவது வெளிநாட்டில் எல்லா நோய்க்கும் காப்பீடு வேண்டும் என்று அங்கே மசோதாக்கள் வந்திருக்கின்றன. அந்தக் கோரிக்கை நியாயமானது. 2008-ல் ஒப்புதல் பெற்ற ‘மாவ்னி’ திட்டத்தில் வெளிநாட்டவரைப் படையில் சேர்த்தபோது, ராணுவம் தேடிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. பிறமொழிக்காரர்களைத் தேடிச் சேர்த்த அரசு, அவர்களில் சிலர் பிறந்த ஊருக்குத் திரும்புவார்கள் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டாமா?

சட்டம் மாறும்வரை நீங்கள் செய்ய வேண்டியவை:

1. தம்பி புறப்படும் முன்பே 10-7959எஃப்-1 படிவம் மூலம் ‘ஃபாரின் மெடிக்கல் புரோகிராம்’ திட்டத்தில் பதிவு செய்துகொள்ளட்டும்.

2. சர்க்கரையோ வேறு நோயோ பணியோடு தொடர்புடையது என்று மருத்துவர் கருதினால், அதற்கும் அங்கிருக்கும்போதே விண்ணப்பிக்கட்டும்.

3. இங்கே பெரும்பாலும் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டியிருக்கும். ‘மருத்துவச் செலவு’ என்று மொத்தத் தொகை எழுதிய ஒற்றைச் சீட்டு பயன்படாது. நோயின் பெயர், தேதி, ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஆன கட்டணம் எல்லாம் தனித்தனியாக உள்ள பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கேட்டு வாங்குங்கள். சிகிச்சை பெற்று 2 ஆண்டுகளுக்குள் அனுப்ப வேண்டும்.

4. மற்ற நோய்களுக்கு இந்திய மருத்துவக் காப்பீடு ஒன்று கட்டாயம் எடுங்கள். சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 3 ஆண்டுகள் வரை இருக்கலாம். அதனால் வந்து சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.