தகரம் தடுக்கும் ஒளி, தங்கம் விடும் ஒளி



உடப்புசல்லாவைத் தோட்டத்து லயங்களில் உள்ளோர் அறிந்த காரியம் ஒன்று உண்டு. காம்பிராவுக்குள் கைத்தொலைபேசி சரியாகப் பேசாது. வாசலுக்கு வந்தால் பேசும். மலை மறைப்பது ஒரு காரணம். தலைக்கு மேலுள்ள தகரம் மற்றொன்று.

தொலைபேசிக்கு வரும் வானொலி அலையும் ஒருவகை ஒளியே. வானொலி அலை, வெப்பக் கதிர், நாம் காணும் ஒளி, புற ஊதாக் கதிர், எக்ஸ் கதிர் யாவும் ஒரே குடும்பம். அலை நீளம் மட்டுமே வேறு. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அதில் ஏறக்குறைய 400 முதல் 700 கூறு நீளமுள்ள அலைகளையே நம் கண் காணும்.

உலோகத்தினுள் கட்டின்றித் திரியும் இலத்திரன்கள் உண்டு. அலை வந்து மோதும்போது அவை கூடவே அசைந்து, அதைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. எனவேதான் உலோகம் பளபளக்கிறது. எக்ஸ் கதிரோ மிக விரைவாகத் துடிப்பது. அந்த வேகத்துக்கு இலத்திரன்களால் ஈடுகொடுக்க முடியாது. ஆகவே மெல்லிய அலுமினியத்தை அது ஊடுருவிச் செல்லும். அதைத் தடுக்கக் கனத்த ஈயம் வேண்டும்.

பூசைக் கிண்ணத்தின் உட்புறத் தங்கப் பூச்சைப் பாருங்கள். அது சிவப்பையும் மஞ்சளையும் திருப்பி அனுப்பி, நீலத்தை விழுங்குவதால் பொன்னிறமாகத் தெரிகிறது. அதே தங்கத்தை மெல்லிய தகடாக அடித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், ஊடே வரும் ஒளி பச்சையாயிருக்கும்! மைக்கேல் பரடே 1857இல் இதனை ஆராய்ந்து எழுதினார். 1969இல் சந்திரனில் நடந்தவர்களின் முகமூடியிலும் மெல்லிய தங்கப் பூச்சு இருந்தது. பார்ப்பதற்குப் போதிய ஒளியை விட்டு, வெப்பக் கதிரைத் திருப்பிவிட்டது.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய பாடம் உண்டு. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தைப் போல, 2031 மே 21 அன்றும் இலங்கையில் கிரகணம் தெரியும். பிஸ்கட் பொதியின் வெள்ளித்தாள், பழைய எக்ஸ் கதிர்ப் படம் ஆகியவற்றின் வழியே சூரியனைப் பார்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள். இருட்டாகத் தெரிவதாலேயே அவை பாதுகாப்பானவை ஆகா. கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் அவற்றின் ஊடே வரலாம். விழித்திரை சுடுபட்டாலும் வலிக்காது. போன பார்வை திரும்பாமலும் போகலாம்.

ஓர் அட்டையில் ஊசித்துளையிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, துளைவழி வரும் உருவத்தை வெள்ளைத்தாளில் விழச் செய்து பாருங்கள். செலவுமில்லை, கண்ணுக்குக் கேடுமில்லை.