வணிகர் கூட்டத்தில் அறிமுகம்

கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவருள் ஒரு சாரார்க்கு வணிக உலகின் வாயில் தந்தையராலும் மாமன்மாராலும் முன்னரே திறந்து வைக்கப்பட்டிருக்கின்றது. மற்றொரு சாரார்க்கோ அவ்வுலகில் அறிந்தார் ஒருவரும் இலர். யாம் இரண்டாம் சாராரைச் சேர்ந்தோம். தமிழ் பயிலும் எமக்குப் படிப்பு முடிந்தபின் அச்சுத்தொழிலிலும் நூற்பதிப்பிலும் ஈடுபடவேண்டுமென்னும் விருப்பம் உண்டு. எனினும் அத்தொழில் செய்வார் ஒருவரேனும் எம் உறவினருள் இலர். எம்மைப் போன்றார்க்கு வணிகர் கூடும் கூட்டங்களும் கண்காட்சிகளுமே வாயிலாக அமைகின்றன. அவ்விடங்களில் அறிமுகம் கொள்ளும் முறைபற்றி யாம் கற்றவற்றையும் பட்டறிந்தவற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சென்ற ஆண்டு அச்சகத்தாரும் பதிப்பாளரும் கூடிய கூட்டமொன்றிற்கு உடன் பயிலும் நண்பர் இருவருடன் சென்றோம். புதியோர் பலரை அறிந்து வரவேண்டுமென்று உறுதி பூண்டு, பெயரும் முகவரியும் அச்சிட்ட விசிட்டிங் கார்டு ஐம்பதும் எடுத்துச் சென்றோம். ஆனால், தேநீர்க் கோப்பையைக் கையிலேந்திச் சுவரோரமாக நின்று, விடுதியில் நாடோறும் பேசும் நண்பருடனேயே பேசிப் பொழுதைக் கழித்தோம். திரும்பி வந்து எண்ணிப் பார்த்தபொழுது ஐம்பது கார்டும் குறையாமல் இருந்தன. இதற்கு நாணமே காரணமென்று முதலிற் கருதினோம். ஆழ்ந்து நோக்குழி, தொழிலிற் சிறந்தார்க்குக் கொடுக்கத்தக்கது எம்மிடம் யாதொன்றும் இல்லை, இரந்து நிற்கவே வந்தோம் என்னும் எண்ணமே எம் காலைக் கட்டிற்று என்பது விளங்கியது.

கூட்டத்துட் புகுந்தும் பழகியவரையே நாடும் இக்குறை எமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டுக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பால் இங்கிராம், மைக்கேல் மோரிஸ் என்னும் அறிஞர் இருவர், வணிகத்துறையினர் ஏறத்தாழ நூற்றுவர் கலந்துகொண்ட மாலைக் கூட்டமொன்றினை ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டில் அதன் முடிபுகளை வெளியிட்டனர். வந்தவர் மின்னணுக் கருவி பொருத்திய பெயரட்டைகளை அணிந்திருந்தமையால், யார் யாருடன் உரையாடினர் என்பது தெளிவாகக் குறிக்கப்பட்டது. புதியோரைச் சந்திப்பதே தம் நோக்கமென முன்னர்க் கூறிய அவர்கள், உள்ளே புகுந்தபின் தமக்கு முன்பே பழக்கமானவரையே மிகுதியும் நாடினர் என்பது அதனாற் புலனாயிற்று.

புதியோரை அறிதலால் விளையும் பயன் யாது எனின், மார்க் கிரானவெட்டர் என்னும் சமூகவியல் அறிஞர் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை அதற்கு விடை தரும். அவர் பாஸ்டன் நகரையடுத்த ஊரொன்றில் அண்மையில் வேலை மாறியோரை வினவினார். அறிந்தவர் ஒருவர் வாயிலாக வேலை பெற்றோர் 54 பேர். அவருள், வேலைக்கு வழிகாட்டியவரை அடிக்கடி கண்டு வந்தோமென்றவர் நூற்றுக்கு 16.7 விழுக்காட்டினரே. எப்பொழுதேனும் கண்டோமென்றவர் 55.6 விழுக்காட்டினர், அரிதாகவே கண்டோமென்றவர் 27.8 விழுக்காட்டினர். நெருங்கிய நண்பர் நாம் அறிந்த செய்தியையே தாமும் அறிவர். நாம் செல்லும் இடங்கட்கே தாமும் செல்வர். சிறிதளவே அறிந்தவரோ நாம் அறியாத வேறொரு வட்டத்தினின்று செய்தி கொணர்வர். ஆகலின், நெருங்காத நட்பும் பெரும் பயன் தருவதாயிற்று.

முன்பின் அறியாதாரிடை நம்பிக்கை தோன்றுமாற்றை இலண்டன் மாநகரத்துக் காப்பிக் கடையொன்றின் வரலாறு இனிது விளக்கும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எட்வர்டு லாயிட் என்பார் அந்நகரின் டவர் தெருவில் ஒரு காப்பிக் கடை நடத்தினார். 1691ஆம் ஆண்டில் அதனை லம்பார்டு தெருவிற்கு மாற்றினார். மீகாமரும் கப்பலுடையாரும் வணிகரும் அங்கே வந்து கூடினர். கப்பலுக்குக் காப்புறுதி வேண்டுவார் பொருட்டு, தரகர் ஒரு பத்திரத்தைக் கையிற்கொண்டு மேசைதோறும் செல்வார். இழப்பில் இத்துணைப் பங்கு ஏற்பேன் என்று ஒவ்வொரு செல்வரும் அதன்கீழ்த் தம் பெயரை எழுதுவார். ஒருவர் தாங்கவியலாத சுமையைப் பலர் பகிர்ந்துகொண்டனர்.

லாயிட் தாம் காப்புறுதி வணிகம் செய்தவரல்லர். மையும் தாளும் இருக்கையும் தந்து, துறைமுகச் செய்திகளைத் திரட்டி வழங்கினார். 1696ஆம் ஆண்டில் அதற்கென ஒரு செய்தித்தாளும் வெளியிட்டார். செய்தி வேண்டியவர் அடிக்கடி வந்தனர். அடிக்கடி வந்தமையால் ஒருவர் சொல்லையும் செயலையும் மற்றவர் அளந்தறிந்தனர். அவர் காலத்திற்குப்பின் அக்கடையில் சூதாட்டம் போன்ற காப்புறுதிகள் மலிந்தபொழுது, நேர்மையை விரும்பியோர் சிலர் 1769ஆம் ஆண்டில் பிரிந்து வேறிடம் சென்றனர். 1771ஆம் ஆண்டில் 79 பேர் தலைக்கு 100 பவுன் செலுத்திக் குழுவொன்று அமைத்தனர். இன்றைய லாயிட்ஸ் காப்புறுதிச் சந்தை அவ்வழி வந்ததேயாம். கொடுப்பவரை நாடிப் பிறர் வருவர் என்பதும், பன்முறை காண்டலாலும் நேர்மையாலுமே நம்பிக்கை வளரும் என்பதும் இதனால் நாம் பெறும் பாடங்கள்.

இனி, கூட்டத்திற்குச் செல்வார் செய்யற்பாலன சில கூறுவாம். முதலாவது, வருவார் யாவர், அவர் தொழில் யாது என்பவற்றை முன்னரே அறிந்து, இருவர் மூவரையேனும் காண்பதென உறுதிசெய்தல் வேண்டும். இரண்டாவது, உடன்வந்த நண்பரை வாயிலிலேயே பிரிந்து, கூட்டம் முடிந்தபின் சேர்ந்துகொள்ளல் வேண்டும். மூன்றாவது, நெருங்கிப் பேசும் இருவரிடையே புகாது, தனித்து நிற்பாரை அணுகுதல் நன்று. அவரும் யாரேனும் பேச வாராரா என்றே எதிர்நோக்கியிருப்பர். நான்காவது, தம் பெருமையை விரித்துரையாது அவர் தொழிலைப்பற்றி வினவி, விடையைச் செவிசாய்த்துக் கேட்டல் வேண்டும். ஐந்தாவது, பேசியதைக் கார்டின் பின்புறத்தில் குறித்து வைத்து, மறுநாளே இரண்டு வரி எழுதி, அனுப்புவதாகச் சொன்னதைத் தவறாது அனுப்புதல் வேண்டும்.

இம்முறையைக் கைக்கொண்டு இவ்வாண்டும் அத்தகைய கூட்டமொன்றிற்குச் சென்றோம். தனித்து நின்ற முதியவர் ஒருவரை வணங்கி, "ஐயா, தங்கள் அச்சகத்தில் எவ்வகை வேலைகள் நடைபெறுகின்றன?" என்று கேட்டோம். திருமண அழைப்பிதழ்களும் சிறு நூல்களும் அச்சிடுவதாகவும், மெய்ப்புத் திருத்துவார் கிடையாமையால் ஒற்றுப்பிழைகள் மலிவதாகவும், அண்மையில் ஒரு நூலின் சில பக்கங்களை மீண்டும் அச்சிட நேர்ந்ததாகவும் கூறி வருந்தினார். "தம்பி என்ன படிக்கிறீர்கள்?" என்றார். தமிழ் என்றோம். அவர் முகம் மலர்ந்தது. மறுவாரம் அவர் அனுப்பிய பதினாறு பக்க மெய்ப்பினைத் திருத்தி, சொன்ன நாளில் திருப்பி அனுப்பினோம். இரண்டு திங்கள் கழித்து, அவருக்குத் தெரிந்த பதிப்பாளர் ஒருவர், எம்மைப்பற்றி அவர் சொல்லக் கேட்டதாகவும், விடுமுறையில் வந்து காணுமாறும் எழுதினார். கொடுக்க யாதும் இல்லையென்று எண்ணிச் சுவரோரம் நின்ற எம்மிடம் நம் ஆசிரியன்மார் கற்பித்த சந்தியிலக்கணம் இருந்தது.

உடன் பயிலும் நண்பர்காள்! கணக்கோ, மொழியோ, ஒரு கருவியைச் செம்மையாகக் கையாளும் பயிற்சியோ, நும் ஒவ்வொருவரிடத்தும் பிறர்க்குப் பயன்படுவதொன்று உண்டு. அதனை இன்னதெனத் தெளிந்து செல்லுமின். வணிகத்துறையில் விளங்கும் பழைய மாணவர்காள்! நும் கூட்டங்களில் தேநீர்க் கோப்பையுடன் சுவரோரம் ஒதுங்கி நிற்கும் இளைஞர் ஒருவரை நீவிர் காணக்கூடும். அவரருகே சென்று என்ன படிக்கின்றீர் என ஒரு சொல் கேட்குமாறு வேண்டுகின்றோம்.