கார் சார்ஜர் வேலைக்குக் கிளம்பும் வயர்மேனுக்கு

மின்சார கார் வாங்கும் வீடுகள் பெருகப் பெருக, வயர்மேன்களுக்கு நல்ல வேலை ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. பெட்டியைச் சுவரில் மாட்டி, கம்பிகளை முடுக்குவது அரை நாள் சமாசாரம். அதற்கு முன் வீட்டை அளந்து பார்ப்பதும், சரியில்லை என்றால் "இப்போதைக்கு மாட்ட முடியாது சார்" என்று சொல்வதும்தான் இதில் உள்ள தொழில்.

முதலில் லோடு. 3.3 கிலோவாட் சார்ஜர் 16 ஆம்பியர் பிளக்கில் 14, 15 ஆம்பியர் இழுக்கும். 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் என்றால் 32 ஆம்பியர் வரை போகும். கீசரும்தான் இழுக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்வார். கீசர் தண்ணீர் சுட்டதும் நின்றுவிடும். 30 கிலோவாட் மணி பேட்டரி உள்ள கார், காலியாக இருந்தால், 3.3 கிலோவாட்டில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் இழுக்கும். பழைய பிளக் பாயிண்டில் ஒரு திருகு தளர்ந்து, அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை சேர்ந்தால் போதும், 15 ஆம்பியரில் அந்தப் புள்ளியில் மட்டும் 22 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னை சாக்கெட்டுக்குள் இரவெல்லாம் வைத்த மாதிரிதான். சாக்கெட்டின் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தால் அது ஏற்கெனவே சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் டிபியிலிருந்து சார்ஜருக்கென்றே தனி லைன் இழுங்கள். 32 ஆம்பியருக்கு 40 ஆம்பியர் எம்சிபி. கம்பி 6 சதுர மில்லிமீட்டர் போதும் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலில், பைப்புக்குள் மணிக்கணக்கில் ஓடும் லோடுக்கு 10 சதுர மில்லிமீட்டர் செம்புதான் என் கணக்கு. இழைகளை முறுக்கிச் சொருகாமல் லக் அடித்து முடுக்குங்கள். இன்வெர்ட்டர் லைனில் சார்ஜரை இணைக்கவே கூடாது. வீட்டுக்கு மின்வாரியம் அனுமதித்த லோடு எவ்வளவு என்று பாருங்கள். போதாவிட்டால் கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்துவிட்டுத்தான் வால்பாக்ஸ்.

அடுத்தது எர்த். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். எர்த் இல்லாத வீட்டில் பெரும்பாலான சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். சிலர் உடனே சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைப்பார்கள். சார்ஜர் பச்சை காட்டும், வீட்டுக்காரர் சந்தோஷமாகப் பணம் கொடுப்பார். பிறகு ஒரு மழை நாளில் கம்பத்திலோ மீட்டரிலோ நியூட்ரல் அறுந்தால், வீட்டில் ஓடும் மற்றச் சாதனங்கள் வழியாகக் காரின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும். ஈரத் தரையில் செருப்பில்லாமல் வந்து கதவைத் திறக்கும் குழந்தைக்கு அது தெரியாது. எவ்வளவு கெஞ்சினாலும் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் மல்டிமீட்டர் 230 காட்டுகிறது என்பதாலும் எர்த்தை நம்பிவிட வேண்டாம். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகச் சொற்பம். துருப்பிடித்து ஒற்றை இழையில் தொங்கும் எர்த்கூட அதற்குப் போதும். எர்த் டெஸ்டரோ லூப் டெஸ்டரோ கையில் வேண்டும். எர்த் குழி சரியில்லை என்றால் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த டைப் என்று கேட்டால்தான் தடுமாறுகிறார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏசி டைப் இங்கே உதவாது. காரின் சார்ஜரிலிருந்து டிசி கசிந்தால் ஆர்சிசிபிக்குள் இருக்கும் காந்த வளையம் செறிவடைந்துவிடும். அதன்பின் உண்மையான கசிவு வந்தாலும் டிரிப் ஆகாமல் போகலாம். வால்பாக்ஸுக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் ஏ டைப் போதும், இல்லையென்றால் பி டைப். பி டைப் விலை கூடுதல்தான், அதைக் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். கையேட்டைப் படிக்காமல் விலை சொல்லாதீர்கள்.

இடம் தேர்வதிலும் கவனம் வேண்டும். சார்ஜிங் சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள். எக்ஸ்டென்ஷன் கேபிளையும் அவை அனுமதிப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் தரைத்தள பார்க்கிங்குகளில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு 800 மில்லிமீட்டர் போதாது என்று தெரியும். இன்னும் உயர்த்துங்கள். ஐசொலேட்டரைத் தண்ணீரில் இறங்காமல் அணைக்கக்கூடிய இடத்தில், முடிந்தால் மாடிப்படி ஏறும் பக்கம் வையுங்கள்.

இந்த வேலைக்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. ஆனால் வயர்மேன் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் இறங்காதீர்கள். கிளாம்ப் மீட்டர், 500 வோல்ட் மெகர், எர்த் டெஸ்டர், ஆர்சிசிபி டெஸ்டர் என்று கருவிகளில் பணம் போடுங்கள். மெகர் போடும்போது சார்ஜரைக் கழற்றிவிட மறக்காதீர்கள், உள்ளே இருக்கும் போர்டு போய்விடும்.

வேலை முடிந்ததும் காரைப் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டு, எம்சிபி முனையும் சார்ஜர் முனையும் எவ்வளவு சூடு என்று இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பாருங்கள். எர்த் அளவு, இன்சுலேஷன் அளவு, ஆர்சிசிபி டிரிப் ஆன நேரம், முனைகளின் சூடு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு, டிபி கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வாருங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை வீட்டுக்காரரையே ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். டிரிப் ஆகாவிட்டால் கார் கேபிளைச் சொருகாமல் உங்களை அழைக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.