டிரான்ஸ்பார்மரின் டாப் மாற்றும் கருவியும் அதன் பராமரிப்பும்

மாலையில் ஊரெங்கும் விளக்கேற்றும் வேளையில் நெடுந்தூரத்தினின்று வரும் கம்பியின் வோல்ட்டேஜ் தாழ்வதும், நள்ளிரவில் பளு குறைந்தவிடத்து அஃது உயர்வதும் இயல்பு. நம் வீட்டு விளக்கு இவ்வேறுபாட்டை அறியாதிருக்க வேண்டுமாயின், துணை மின்நிலையத்துப் பெரிய டிரான்ஸ்பார்மரின் சுருளில் சுற்றுக்களைச் சிறிது கூட்டியும் குறைத்தும் அமைத்தல் வேண்டும். இதன்பொருட்டுச் சுருளினின்று வெளிக்கொணர்ந்த கிளைமுனைகளே டாப்புகளாம். நம் நாட்டு டிரான்ஸ்பார்மர்கள் பலவற்றில் ஒரு டாப்புக்கும் அடுத்ததற்கும் 1.25 சதவீத வேறுபாடு உண்டு. மின்சாரத்தை நிறுத்தாமலே டாப்பை மாற்றும் கருவியை மின்நிலைய ஊழியர் ‘ஓ. எல். டி. ஸி.’ என்று சுருக்கமாய் வழங்குவர்.

ஒரு டாப்பை விட்டபின் மற்றொன்றைத் தொட்டால் மின்னோட்டம் இடையில் அறுபட்டுப் பெரும்பொறி எழும். மற்றொன்றைத் தொட்டபின் முன்னதை விட்டாலோ, இரண்டிற்கும் இடைப்பட்ட சுற்றுக்கள் குறுக்கே இணைந்து எரிந்துபோம். இவ்விரு கேட்டினின்றும் தப்பும் வழியொன்றை ஜெர்மானியராகிய டாக்டர் பெர்ன்ஹார்ட் யான்சன் கண்டு, 1927-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் முறையில் வேலை இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. செலக்டர் என்னும் பகுதி, மின்னோட்டமில்லாத தன் கையால் அடுத்த டாப்பை முன்னரே பற்றிக்கொள்ளும். பின்னர் டைவர்ட்டர் ஸ்விட்ச் என்பது பளுவை ஒரு பக்கத்தினின்று மறுபக்கத்துக்கு மாற்றும். மாற்றும்போது இரு டாப்புகளும் கணநேரம் ஒருங்கே இணைந்திருக்கும். அப்போது அவற்றிடையே சுழலும் மின்னோட்டத்தைத் தடைச்சுருள்கள் அடக்கிவைக்கும். மோட்டார் மெல்லச் சுழன்று ஸ்பிரிங்கை இழுத்து வைக்க, ஸ்பிரிங்கு விடுபட்டுப் பாய்வதால் டைவர்ட்டரின் செயல் ஏறத்தாழ ஒரு விநாடியின் இருபதிலொரு பங்கில் முடிந்துவிடுகிறது.

இவ்விரைவே இக்கருவியின் உயிர். தடைச்சுருள்கள் அக்கணத்திற்கென்றே அளவிடப்பட்டவை. ஸ்பிரிங்கு முறிந்து ஸ்விட்ச் நடுவழியில் நின்றுவிட்டால், அவை பழுக்கக் காய்ந்து உருகும். அதன்பின் டிரான்ஸ்பார்மரையே இழக்க நேரிடலாம். ஆதலின் கையளவான ஓர் உறுப்பைச் சோதியாமல் விட்டமைக்கு ஓர் ஊரே பல நாள் இருளில் கிடந்து விலை கொடுக்கும்படி ஆகும்.

எண்ணெயில் இயங்கும் டைவர்ட்டர் ஒவ்வொரு முறையும் பொறி எழுப்புவதால் எண்ணெய் கரியேறிக் கறுக்கும். இக்கரி டிரான்ஸ்பார்மரின் எண்ணெயிற் கலவாதபடி டைவர்ட்டருக்குத் தனிக்கலம் உண்டு. அக்கலத்தினின்று எண்ணெய் வேகமாய்ப் பீறிட்டால் ஒரு ரிலே உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும். அவ்வாறு துண்டித்தபின், “இன்னொரு முறை இணைத்துத்தான் பார்ப்போமே” என்பாரும் உளர். டைவர்ட்டரைத் திறந்து பாராமல் அங்ஙனஞ் செய்வது அபாயம்.

எத்தனை ஆண்டுக்கு, அல்லது எத்தனை ஆயிரம் மாற்றத்துக்கு ஒருமுறை திறக்கவேண்டும் என்பது செய்தோர் தரும் ஏட்டிலிருக்கும். இரண்டில் முன்னே வருவதைக் கொள்ளல் முறை. டிரான்ஸ்பார்மரை எல்லாப் பக்கமும் மின்சாரம் நீக்கி, மண்ணோடு இணைத்து, மோட்டாரின் இணைப்பையும் அகற்றி, டாப்பின் எண்ணைக் குறித்துக்கொண்ட பின்னரே மூடியைக் கழற்றுக. கறுத்த எண்ணெயை வடித்து, டைவர்ட்டரைச் செயின் பிளாக்கினால் நேராகத் தூக்கி, அதனையும் கலத்தின் உட்சுவரையும் தூய எண்ணெயாற் கழுவவேண்டும். நூல் உதிரும் துணி கூடாது. மின்சாரம் ஓடிச்செல்ல ஓர் இழை வழி காட்டிவிடும்.

இனி உறுப்புகள். பொறியைத் தாங்கும் தொடுமுனைகள் செம்பும் டங்ஸ்டனுஞ் சேர்ந்தவை. அவை ஒரே சீராகத் தேய்வதில்லை. ஒவ்வொன்றின் தேய்மானத்தையும் அளந்து எழுதி, எல்லையை அணுகியது ஒன்றேயாயினும் அத்தொகுதி முழுவதையும் மாற்றிவிடுதல் நலம் என்பது என் கருத்து. புதியதும் பழையதும் கலந்தால் எது முன்னே தொடும், எது பின்னே விடும் என்னும் வரிசை குலையும். பின்னிய செப்புக் கம்பிகளில் இழை அறுந்தனவற்றை மாற்றுக. தடைச்சுருளின் ஓம் அளவைக் குறித்த அளவோடு ஒப்பிடுக. ரப்பர் வளையங்களையும், ஒருமுறை மடித்த பூட்டுத்தகடுகளையும் மீண்டும் பயன்படுத்துவது சிக்கனமன்று. மூடுமுன் கருவிகளையும் திருகாணிகளையும் எண்ணிப் பார்க்கத் தவறலாகாது.

மோட்டாரின் தண்டைக் கழற்றி மாட்டியிருந்தால் ஒரு சோதனை உண்டு. கைப்பிடியால் ஒரு திசையிற் சுழற்றி, டைவர்ட்டர் ‘டக்’ கென்று பாயும் ஒலி கேட்டதுமுதல் அந்நிலை முடியுமளவும் எத்தனை சுற்று என்று எண்ணுக. பின்னர் எதிர்த்திசையிலும் அவ்வாறே எண்ணுக. இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும். வேறுபாடிருப்பின், தண்டை விடுவித்து, கைப்பிடியை அவ்வேறுபாட்டிற் பாதிச் சுற்று திருப்பி மறுபடி மாட்டிச் சோதிக்கவேண்டும். இதைக் கவனியாதவிடத்து, மோட்டார் தன் வேலை முடிந்ததென்று நின்றுவிடும். டைவர்ட்டரோ பாயாமலே இருக்கும்.

செலக்டர் பொறி எழுப்பாததால் அதற்குக் கேடில்லையென்று நினைப்பது தவறு. ஆண்டுக்கணக்கில் ஒரே டாப்பில் நின்றால், தொடுமுனையின்மேல் மெல்லிய படலம் படிந்து, தடை மிகுந்து, சூடேறிக் கரியாய் இறுகும். எண்காட்டியில் மாற்றங்கள் குறைவென்று மகிழ்ந்திருப்போர் இதனை அறியவேண்டும். டிரான்ஸ்பார்மர் நிறுத்தப்படும்போதெல்லாம் முதல் டாப்பினின்று கடைசி டாப்புவரை சிலமுறை ஓட்டினால் அப்படலம் உரைந்து நீங்கும். பின்பு டாப்புதோறும் சுருளின் தடையை அளந்தால் உள்ளிருப்பது ஒருவாறு புலனாகும்.

இன்னொன்று. டிரான்ஸ்பார்மரின் எண்ணெயில் அஸிட்டிலின் வாயு காணப்பட்டால் சுருளில் பொறியெழுந்ததென்று அஞ்சுவர். டைவர்ட்டர் கலத்தின் கசிவாலும் அது வரக்கூடும். கலத்தை வடித்துத் துடைத்துச் சிலமணி நேரம் விட்டுப் பார்த்தால், வெளிப்புறத்து எண்ணெய் உட்சுவரிற் கசிந்து கசிவிடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இக்காலத்தில் பொறியை வெற்றிடக் குழாய்க்குள் அடக்கும் டைவர்ட்டர்கள் பரவி வருகின்றன. அவற்றின் எண்ணெய் கரியேறாது. சில வகைகளை 3,00,000 மாற்றம்வரை திறக்கவேண்டுவதில்லை. ஆயினும் அவற்றிலும் செலக்டரும், ஸ்பிரிங்கும், மோட்டார்ப் பெட்டியும் முன்போலவே உள்ளன.