முன்னால் நிற்கும் எண்: மோல் விகிதக் கணக்கு பழகுவோம்



படிவம் 4-இல் அறிவியல் பிரிவு எடுத்த பலருக்கு முதல் பெரிய தலைவலி கிமியா பாடத்தில் வரும் மோல் கணக்குதான். நான் இப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறேன். வார இறுதியில் எஸ்.பி.எம். எழுதப்போகும் சிலருக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அங்கே அடிக்கடி என் காதில் விழுவது, "அக்கா, எந்த ஃபார்முலான்னு மட்டும் சொல்லுங்க, நான் போட்டுடுறேன்" என்பதுதான்.

ஃபார்முலா கேட்பது தப்பில்லை. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டதும் மனப்பாடம் செய்த ஃபார்முலா கைவிட்டுவிடும். சமன்பாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஒரு எண் நிற்கிறது இல்லையா? அந்த எண் என்ன சொல்கிறது என்று புரிந்துவிட்டால், ஃபார்முலாவே தேவைப்படாது. இந்த மாதம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

எடை வேறு, எண்ணிக்கை வேறு

ஹார்டுவேர் கடையில் போல்ட், வாஷர் எல்லாம் நிறுத்துத் தருவார்கள். ஒரு போல்ட்டுக்கு இரண்டு வாஷர் தேவை என்று வையுங்கள். ஒரு போல்ட் 20 கிராம், ஒரு வாஷர் 5 கிராம். நீங்கள் 1 கிலோ போல்ட் வாங்கிவிட்டீர்கள். வாஷர் எத்தனை கிலோ வாங்க வேண்டும்?

"விகிதம் 1:2, அப்போ 2 கிலோ" என்று சொன்னால் கடைக்காரருக்குத்தான் லாபம். 1 கிலோவில் 50 போல்ட் இருக்கும். 50 போல்ட்டுக்கு 100 வாஷர். 100 வாஷரின் எடை 500 கிராம். அரை கிலோ போதும்!

இங்கே என்ன செய்தோம்? எடையை எண்ணிக்கையாக மாற்றினோம். எண்ணிக்கையில் விகிதம் போட்டோம். பிறகு மறுபடியும் எடைக்கு வந்தோம். மோல் கணக்கும் இதேதான், வேறு ஒன்றும் இல்லை.

அணுவையும் மூலக்கூறையும் கையால் எண்ண முடியாது. அதனால் மொத்தமாக எண்ணுகிறோம். 12 முட்டையை ஒரு டஜன் என்கிறோம், 6.02 × 10²³ துகளை ஒரு மோல் என்கிறோம். சமன்பாட்டில் பொருளுக்கு முன்னால் நிற்கும் எண் இந்த எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. கிராமையும் சொல்லவில்லை, மில்லிலிட்டரையும் சொல்லவில்லை. பள்ளியில் 'நிஸ்பா மோல்' என்று படித்திருப்பீர்களே, அந்த மோல் விகிதம் இதுதான்.

மூன்று படி

முதல் படி: தெரிந்த பொருளை மோலாக மாற்றுங்கள். கிராம் கொடுத்திருந்தால் மோல் நிறையால் வகுக்க வேண்டும். கரைசல் என்றால் செறிவை லிட்டரால் பெருக்க வேண்டும்.

இரண்டாம் படி: விகிதம் போடுங்கள். வேண்டிய பொருளின் எண் மேலே, தெரிந்த பொருளின் எண் கீழே.

மூன்றாம் படி: கிடைத்த மோலைக் கேள்வியில் கேட்ட அலகுக்கு மாற்றுங்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். செறிவு தெரியாத சல்பூரிக் அமிலம் 25.0 மில்லிலிட்டர் இருக்கிறது. டைட்ரேஷன் செய்தபோது, லிட்டருக்கு 0.10 மோல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 20.0 மில்லிலிட்டர் செலவானது. அமிலத்தின் செறிவு என்ன?

சல்பூரிக் அமிலம் + 2 சோடியம் ஹைட்ராக்சைடு → சோடியம் சல்பேட் + 2 நீர்

முதல் படி: சோடியம் ஹைட்ராக்சைடு = 0.10 × 0.0200 = 0.0020 மோல்.

இரண்டாம் படி: அமிலம் 1, ஹைட்ராக்சைடு 2. அதனால் அமிலம் = 0.0020 × 1/2 = 0.0010 மோல்.

மூன்றாம் படி: 0.0010 ÷ 0.0250 = லிட்டருக்கு 0.040 மோல்.

அந்த 2-ஐக் கவனிக்காதவருக்கு 0.080 என்று வரும். விடை சரியாக இரண்டு மடங்கு. ஹைட்ரோகுளோரிக் அமிலக் கணக்கிலேயே பழகியவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் அங்கே விகிதம் 1:1. இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதால், விகிதம் என்று ஒரு படி இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது.

ஆற்றில் மீன் பிழைக்குமா?

"சரி அக்கா, பரீட்சையில ரெண்டு மார்க் போகும், அவ்வளவுதானே?" என்று நினைக்கலாம். பரீட்சைக்கு வெளியே இந்த எண் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

நம் நாட்டில் ஆற்று நீரின் தரத்தைக் கணிக்கச் சுற்றுச்சூழல் துறை நீர்த் தரக் குறியீடு ஒன்றைப் பயன்படுத்துகிறது. அதில் ஆறு அளவுகள் உண்டு. அவற்றில் ஒன்று நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். மீன் சுவாசிப்பது இந்த ஆக்சிஜனைத்தான். வீட்டுச் சாக்கடையோ, உணவுக் கழிவோ, சரியாகச் சுத்திகரிக்காத செம்பனை ஆலைக் கழிவுநீரோ ஆற்றில் கலந்தால், அதைத் தின்னும் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்.

நம் தட்பவெப்பத்தில், நல்ல நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். தேசிய நீர்த் தர நிர்ணயத்தில் இந்த ஓர் அளவை மட்டும் எடுத்தால், 7 இருந்தால் முதல் வகுப்பு; 5 முதல் 7 வரை இரண்டாம் வகுப்பு; 3 முதல் 5 வரை மூன்றாம் வகுப்பு; 3-க்குக் கீழே நான்காம் வகுப்பு; 1-க்குக் கீழே ஐந்தாம் வகுப்பு.

கண்ணுக்குத் தெரியாத ஆக்சிஜனை எப்படி அளப்பது? ஹங்கேரியைச் சேர்ந்த லாயோஷ் விங்க்ளர் 1888-இல் ஒரு வழி சொன்னார். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. ஆக்சிஜனை நேரடியாகப் பிடிக்காமல், கை மாற்றி கை மாற்றி, எண்ணக்கூடிய ஒரு பொருளிடம் கொண்டுவந்து சேர்க்கும் முறை அது.

காற்றுக் குமிழி இல்லாமல் பாட்டிலில் ஆற்று நீரை நிரப்புவார்கள். அதில் மாங்கனீஸ் சல்பேட்டும், அயோடைடு கலந்த காரமும் சேர்ப்பார்கள். ஆக்சிஜன் இருந்தால் மாங்கனீஸ் அதைப் பிடித்துக்கொண்டு பழுப்பு நிறப் படிவாக இறங்கும். பிறகு அமிலம் ஊற்றினால் படிவு கரைந்து அயோடின் வெளிவரும், நீர் மஞ்சளாகும். அந்த அயோடினைச் சோடியம் தயோசல்பேட் கொண்டு டைட்ரேஷன் செய்வார்கள். மஞ்சள் வெளுத்து வரும்போது ஸ்டார்ச் விட்டால் கருநீலமாகும். அந்த நீலம் மறையும் சொட்டில் பியூரெட்டை மூட வேண்டும்.

இப்போது முன்னால் நிற்கும் எண்களைக் கோத்துப் பார்ப்போம்.

1 மோல் ஆக்சிஜன் → 2 மோல் பழுப்புப் படிவு
1 மோல் படிவு → 1 மோல் அயோடின்
1 மோல் அயோடினுக்குத் தேவை → 2 மோல் தயோசல்பேட்

அதாவது 1 ஆக்சிஜன், 2 படிவு, 2 அயோடின், 4 தயோசல்பேட். நடுவில் இருப்பவர்கள் கை மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். நமக்கு வேண்டியது இரண்டு முனையும்தான்: ஆக்சிஜன் 1, தயோசல்பேட் 4.

ஓர் ஆற்று நீர் மாதிரி 200 மில்லிலிட்டர் என்று கொள்வோம் (சேர்த்த ரசாயனங்களின் சிறு கொள்ளளவை இங்கே விட்டுவிடுகிறேன்). லிட்டருக்கு 0.025 மோல் செறிவுள்ள தயோசல்பேட் 2.0 மில்லிலிட்டர் செலவானது.

முதல் படி: தயோசல்பேட் = 0.025 × 0.0020 = 0.000050 மோல்.

இரண்டாம் படி: ஆக்சிஜன் = 0.000050 × 1/4 = 0.0000125 மோல்.

மூன்றாம் படி: ஆக்சிஜனின் மோல் நிறை 32. அதனால் 0.0000125 × 32 = 0.00040 கிராம், அதாவது 0.40 மில்லிகிராம். இது 0.200 லிட்டரில் இருப்பது. ஒரு லிட்டருக்கு 2.0 மில்லிகிராம்.

பியூரெட்டில் 2.0, விடையும் 2.0! இது தற்செயல் இல்லை. 200 மில்லிலிட்டர் மாதிரிக்கு, பியூரெட் காட்டும் எண்ணே நேராக விடையாக வரட்டும் என்றுதான் 0.025 என்ற செறிவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தத் தேர்வுக்குள்ளும் 4 என்ற எண் ஒளிந்திருக்கிறது.

இப்போது 4-ஐ மறந்து, 1:1 என்று போட்டால் என்ன ஆகும்? விடை லிட்டருக்கு 8.0 மில்லிகிராம். கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். 2.0 என்றால் நான்காம் வகுப்பு. பல மீன்கள் மூச்சுத் திணறும் நீர். 8.0 என்றால் முதல் வகுப்பு, மலையடிவாரத்து ஓடைபோல. பாட்டில் அதே பாட்டில், சொட்டும் அதே சொட்டு. ஒரே ஓர் எண்ணை விட்டதால், செத்துக்கொண்டிருக்கும் ஆறு தாளில் ஆரோக்கியமான ஆறாகிவிடுகிறது. 8 என்பது நம்பக்கூடிய எண் வேறு. யாருக்கும் சந்தேகமே வராது.

"இப்பல்லாம் மீட்டரை விட்டாலே காட்டிடுமே அக்கா?" காட்டும். ஆனால் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க இந்த விங்க்ளர் முறையையே பயன்படுத்துகிறார்கள். கருவியைச் சரிபார்க்க, கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும்.

விடை எழுதும் முன் நான்கு கேள்வி

சமன்பாட்டைச் சமன் செய்துவிட்டேனா? சமன் செய்யாவிட்டால் முன்னால் நிற்கும் எண்ணை நம்ப முடியாது.

மில்லிலிட்டரை லிட்டராக மாற்றிவிட்டேனா?

விகிதத்தைத் தலைகீழாகப் போடவில்லையே? எந்தப் பொருள் அதிக மோலில் தேவை என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

1:1 என்றாலும் அதை எழுதினேனா? எழுதிப் பழகுங்கள். அந்தப் பழக்கம் இருந்தால் 1:2 வரும்போது கை தானாகவே அந்தப் படியில் நிற்கும்.

பயிற்சி

1. வயிற்றுப் புளிப்புக்குச் சாப்பிடும் ஒரு மாத்திரையில் 0.50 கிராம் கால்சியம் கார்பனேட் இருக்கிறது (மோல் நிறை 100). ஒரு மோல் கால்சியம் கார்பனேட் 2 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் வினைபுரியும். லிட்டருக்கு 0.10 மோல் செறிவுள்ள அமிலம் எத்தனை மில்லிலிட்டரை இந்த மாத்திரை நடுநிலையாக்கும்?

2. வினிகர் 5.0 மில்லிலிட்டரை நடுநிலையாக்க, லிட்டருக்கு 0.50 மோல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 8.0 மில்லிலிட்டர் தேவைப்பட்டது. விகிதம் 1:1, அசெட்டிக் அமிலத்தின் மோல் நிறை 60. 100 மில்லிலிட்டர் வினிகரில் எத்தனை கிராம் அமிலம்?

3. விங்க்ளர் முறையில் 100 மில்லிலிட்டர் ஆற்று நீருக்கு, லிட்டருக்கு 0.025 மோல் செறிவுள்ள தயோசல்பேட் 2.6 மில்லிலிட்டர் செலவானது. ஆக்சிஜன் அளவு என்ன? இந்த அளவின்படி எந்த வகுப்பு?

விடைகள்: (1) 100 மில்லிலிட்டர். (2) 4.8 கிராம். (3) லிட்டருக்கு 5.2 மில்லிகிராம், இரண்டாம் வகுப்பு. மூன்றாவதில் 2.6 என்று எழுதியவர்கள், மாதிரி 100 மில்லிலிட்டர்தான் என்பதை மறுபடி பாருங்கள்.

மூன்றையும் ஃபார்முலா பார்க்காமல், மூன்று படியில் போடுங்கள். முதல் தடவை மெதுவாகத்தான் வரும், பரவாயில்லை. பத்துக் கணக்கு போட்ட பிறகு, சமன்பாட்டைப் பார்த்ததும் உங்கள் கண் முதலில் போய் நிற்பது அந்தச் சின்ன எண்ணின் மேல்தான்.